நூற்றுக்கு நூற்று நான்கு

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. ராத்திரி தாங்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

"தாங்கும்."

"போன தடவை பெட்டி குடுத்தவனும் இப்படித்தான் சொன்னான். குரல்கூட உங்க குரல் மாதிரியேதான் இருந்துச்சு."

"நான் அவன் இல்லைங்க."

"அவனும் அதையேதான் சொன்னான். அவனுக்கு முன்னாடி குடுத்தவனப் பத்தி."

மறுமுனையில் காற்று ஊளையிட்டது. பேசிக்கொண்டிருந்தவர் கோரின். ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து அரை நாள் படகில் போக வேண்டிய ஒரு சிறு தீவின் ஒரே நர்ஸ். கேட்டுக்கொண்டிருந்தவன் லாக்லன். அதே துறைமுகத்தின் பின்சந்தில், பாய்மரம் தைக்கும் கடையின் மாடியில் இருக்கும் மின்னணுப் பட்டறையின் எஞ்சினியர்.

"பதினோரு குழந்தைங்களுக்கான ஊசி மருந்து தம்பி. ரெண்டு தடவை ஃபிரிட்ஜ் சூடாகி மொத்தத்தையும் குப்பையில கொட்டினேன். மூணாவது தடவை இறால் படகுக்காரங்ககிட்ட ஐஸ் கடன் வாங்கி, விடிய விடிய பக்கெட் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எனக்கு அம்பத்தெட்டு வயசு. இன்னொரு பக்கெட்டுக்கு இடுப்பு ஒத்துழைக்காது."

"அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை படகுல பெட்டி வந்துடும். நான் பொறுப்பு."

"சரி. உங்க பேரை எழுதி வச்சுக்கிறேன்," என்றார் கோரின். நன்றி சொல்வதற்காக எழுதிக்கொள்பவர் குரலாக அது இல்லை.

தீவின் மருத்துவ நிலையத்தில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. கூரையில் விழும் வெயிலைச் சேமிக்கும் பெரியது ஒன்று. மருந்து ஃபிரிட்ஜைத் தாங்கும் சின்னது ஒன்று. பகலில் பெரியதிலிருந்து சின்னதற்கு மின்சாரம் போக வேண்டும். இரவு முழுக்கச் சின்னது தாங்க வேண்டும். காலையில் ரேடியோவையும் விளக்கையும் போடும்போது, மிச்சம் இருப்பதைச் சின்னது பெரியதற்குத் திருப்பித் தர வேண்டும். இந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிக்கு இருதிசை ஃப்ளைபேக் மாற்றி என்று பெயர். அதை வடிவமைப்பதுதான் லாக்லனின் வேலை.

ஒரு காந்தக் கட்டை, அதன் மேல் இரண்டு கம்பிச் சுற்றுகள். இடப்பக்க ஸ்விட்சை மூடினால் சக்தி கட்டைக்குள் ஏறும். திறந்தால் வலப்பக்கச் சுற்று வழியாக இறங்கிப் போய்விடும். நொடிக்கு ஒரு லட்சம் தடவை இப்படி. ஸ்விட்சுகளின் முறையை மாற்றினால் போன வழியிலேயே திரும்பி வரும். இதில் விசித்திரம் என்னவென்றால், சக்தி தங்குவது பெரும்பாலும் கட்டையில் அல்ல. கட்டையை இரண்டு பாதியாக வைத்து நடுவே ஒரு காகிதக் கனத்துக்கு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில்தான் தங்குகிறது. ஒன்றுமில்லாத இடத்தில். இந்த வேலையில் லாக்லனுக்குப் பிடித்ததே அந்த ஒன்றுமில்லாத இடம்தான்.

நூறு கொடுத்தால் எண்பத்தைந்தாவது திரும்பி வர வேண்டும். அதற்குக் கீழே போனால் குளிர்காலத்து நீண்ட இரவில் ஃபிரிட்ஜ் தாங்காது. லாக்லனின் பெட்டி எழுபத்தெட்டில் நின்றது. ஒரு மாதமாக அங்கேயே நின்றது.

பட்டறையிலும் அதே மாதிரி இரண்டு பேட்டரிகளை வைத்து, சோதனை தீவின் நாளைப் போலவே நடந்தது. மதியம் பெரிய பேட்டரியிலிருந்து நானூறு வாட்-மணி எடுத்துச் சின்னதற்கு அனுப்புவான். நான்கு மணி நேரம் ஆகும். இரவு சின்னது மேசைக்கடியில் சும்மா கிடக்கும். காலையில் அது காலியாகும் வரை எல்லாவற்றையும் பெரியதற்குத் திருப்புவான். அதற்கும் நான்கு மணி நேரம். பெரிய பேட்டரியின் வாசலில் ஒரு மீட்டர். சின்னதன் வாசலிலும் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது சரிபார்ப்புக்காக மெல்போர்ன் போயிருந்தது. வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சின்ன பேட்டரியின் முகத்தில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட நான்கு பச்சை விளக்குகள் உண்டுதான். ஆனால் அந்த மாதிரி விளக்குகளைத் தன்மானமுள்ள எந்த எஞ்சினியரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, கோரினின் போனை வைத்துவிட்டு லாக்லன் தேநீர் போடப் போனான். பட்டறையின் இன்னொரு எஞ்சினியர் டாரில் கோப்பையில் நாலாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, நர்ஸம்மா ஊசி போட்டுட்டாங்களா?"

"போன்லயே போட்டுட்டாங்க."

"கவலைப்படாத. அடுத்த செவ்வாய்க்குள்ள வரலைன்னா கிளி உன் மேசைக்கு வந்துடும். பழைய இடம்தானே, அதுக்கு வழி தெரியும்."

கிளி என்பது ஒரு ரோஜா நிறப் பொம்மைக் கிளி. ஒரு கண் இருந்த இடத்தில் வெடித்துப்போன மின்தேக்கி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பட்டறையில் யார் கடைசியாக அசட்டுத்தனம் செய்தார்களோ அவர் மேசையில் அது உட்காரும். அடுத்த அசடு கிடைக்கும் வரை நகராது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கிளியின் வரலாறு சொல்லப்படும். போன குளிர்காலத்தில் லாக்லன் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிச் சொருகி, ஒரு மேசை விளக்கு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதாக எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தான். அதன் பிறகு பதினொரு மாதம் கிளி அவனோடு வாழ்ந்தது. போன மாதம்தான் டாரில் எதையோ கருக்கி அதை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து டாரில் எல்லோருடைய வேலையிலும் மிகுந்த அக்கறை காட்டினான்.

லாக்லன் தேநீர்ப் பையைக் கோப்பையில் முக்கினான். நூலின் நுனியில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. அதை விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தான். காந்தக் கட்டையின் நடுவே இப்போது வைத்திருக்கும் பிளாஸ்டிக் தாளைவிடச் சற்றே கனம்.

மறுநாள் காலையில் மீட்டர் மறுபடி எழுபத்தெட்டே காட்டியது. பேசாமல் அந்த அட்டையைக் கத்தரித்து இடைவெளியில் வைத்துக் கட்டினான். மதியம் நானூறை அனுப்பினான். ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டும்போது வெல்மா வாளியோடு படியேறி வந்தாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பட்டறையைச் சுத்தம் செய்கிறவள்.

"என்ன கண்ணு, முகமே சரியில்ல?"

"ராத்திரி தாங்க மாட்டேங்குது வெல்மா." மேசைக்கடியைக் காலால் காட்டினான்.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். எட்டு மணிக்கு மேல ஒரு விருந்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. அதோ அந்தக் கோப்பையைக் குடுங்க, கழுவிடுறேன்."

புதன்கிழமை காலை மீட்டர் 344 என்றது. நூற்றுக்கு எண்பத்தாறு.

லாக்லன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். மீட்டரின் ஒயர்களை நான்கு தடவை சரிபார்த்தான். சிவப்பு சிவப்பில். கறுப்பு கறுப்பில். ஒரு தேநீர்ப் பையின் அட்டை! பிறகுதான் ரோஸ்லினிடம் போனான். பட்டறை அவருடையது. கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பார்.

"எண்பத்தாறா? நிஜமா?"

"நிஜம் ரோஸ். ஒயரெல்லாம் பார்த்துட்டேன்."

"கோரினுக்குப் போன் போட்டு இப்பவே சொல்லிடுறேன். பாவம், அந்தப் பொம்பளை தூங்கட்டும்."

சொல்லியேவிட்டார். நாலு மணிக்கு லாமிங்டன் கேக் வந்தது. கீழே பாய்மரம் தைப்பவர்களும் மேலே வந்தார்கள். டாரில் தன் பங்கு கேக்கைக் கிளிக்கும் ஊட்டினான். தேங்காய்த் துருவல் தரையெங்கும் சிந்தியது. யாரும் எடுக்கவில்லை. வெல்மா வருவாள் அல்லவா.

வியாழக்கிழமை காலை, மீட்டரில் 388.

தொண்ணூற்றேழு.

உலகத்தில் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள், லாக்லனின் பட்டறை மொத்தத்தையும் விற்றாலும் வாங்க முடியாத பாகங்களைப் போட்டுச் செய்யும் மாற்றிகள் தொண்ணூற்று இரண்டு, மூன்றில் நிற்கும். லாக்லன் நேற்றிலிருந்து எதையும் தொடக்கூட இல்லை.

பின்னால் கம்பளிக் காலுறை வந்து நின்றது. "இன்னிக்கு எவ்வளவு?"

"எண்பத்தேழு," என்றான் லாக்லன். நோட்டிலும் அப்படியே எழுதினான். செய்ததைப் பெருக்கிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை அவன் பார்த்திருக்கிறான். பயந்து குறைத்துச் சொன்னவன் தானாகத்தான் இருப்பான் என்று தோன்றியது.

தொண்ணூற்றேழைச் சொன்னால் கிளி பறந்து வரும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனக்குப் புரியாத ஒரு பெட்டியைக் கோரினுக்கு அனுப்ப அவனுக்கு மனம் இல்லை. ஏன் நல்லபடியாக ஓடுகிறது என்று தெரியாத பெட்டி, ஏன் நின்றது என்று தெரியாமலே நின்றுபோகும். எண் கொஞ்சம் இறங்கி, நம்பக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டால் போதும். எனவே வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்த ஒன்றை மோசமாக்க உட்கார்ந்தான்.

சுற்றில் நான்கு கம்பிகள் சேர்ந்தே ஓடின. இரண்டை வெட்டினான். மிச்சமுள்ள இரண்டும் திணறிச் சூடாகும், சூடானால் சக்தி வீணாகும், எண் இறங்கும்.

வெள்ளிக்கிழமை காலை, 416.

நூற்று நான்கு.

கொடுத்தது நானூறு. திரும்பி வந்தது நானூற்றுப் பதினாறு. லாக்லன் ஜன்னல் பக்கம் திரும்பி, நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்தான். உச்சியில் பனி விழுந்திருந்தது. அந்த மலை இருக்கிற இடத்தில்தான் இருந்தது என்பது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தேநீர் நேரத்தில் டாரிலிடம், சும்மா கேட்பது போல, "குடுத்ததைவிட அதிகமாத் திருப்பித் தர்ற ஏதாவது ஒண்ணு உலகத்துல இருக்காடா?" என்று கேட்டான்.

"எங்க மாமியார். நான் ஒரு வார்த்தை குடுத்தா பத்தாத் திரும்பி வரும்."

"விளையாடாத."

"அப்புறம் இந்தச் சர்க்கரை டப்பா. மூணு வருஷமாத் தினம் எட்டுக் கரண்டி எடுக்கிறேன். ஒரு நாளாவது காலியாகி நீ பார்த்திருக்கியா? நம்ம பட்டறையோட உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்." டாரில் கோப்பையைக் கலக்கியபடி அவனை உற்றுப் பார்த்தான். "ஏன் கேக்குற? என்ன காட்டுது உன் மீட்டர்?"

"எண்பத்தெட்டு."

"நேத்து எண்பத்தேழு, இன்னிக்கு எண்பத்தெட்டு. ரொம்ப ஒழுக்கமான மீட்டர்," என்றான் டாரில்.

அன்று லாக்லன் துணிந்தான். ரெசிஸ்டர் என்று ஒரு பீங்கான் துண்டு உண்டு. மின்சாரத்தைத் தின்று வெறும் சூடாக்குவதைத் தவிர அதற்கு வேறு திறமை கிடையாது. அதைச் சின்ன பேட்டரிக்குப் போகும் வழியில் குறுக்கே வைத்தான். சீரான ரோட்டில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டுவதைப் போன்ற வேலை. மதியம் நானூறை அனுப்பும்போது ரெசிஸ்டர் தொட முடியாத அளவு சூடானது. டாரில் வந்து, ஒன்றும் கேட்காமல், தன் மதியச் சாப்பாடான, சிப்பிக்கறி அடைத்த ரொட்டியை அதன் மேல் வைத்துவிட்டுப் போனான். அரை மணி கழித்து வந்து எடுத்துப் போனான்.

"நல்லாச் சூடாயிருக்கு. இதுக்காகவே ஒரு பெட்டி பண்ணு. நர்ஸம்மா வாங்கலைன்னா நான் வாங்கிக்கிறேன்."

மாலை கிளம்பும்போது வெல்மா மேசைக்கடியில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அய்யோ பாவம்," என்று முணுமுணுத்தாள். யாரை என்று லாக்லன் கேட்கவில்லை. அவனும் தன்னைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடற்கரையோரம் நடந்தான். கணக்குகள் எல்லாம் சரியாக இருந்தன. கட்டை, சுற்று, ஸ்விட்ச், மீட்டர், ஒயர், எல்லாம் சரி. பட்டறையில் ஆளில்லாத நேரத்தில் யாராவது எதையாவது சொருகிவிட்டார்களோ என்றுகூட ஒரு கணம் யோசித்தான். ஆனால் அதற்கு வழியில்லை. 'ஆள் இல்லாதபோது எந்தப் பேட்டரியையும் சார்ஜில் விடக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதே அவன்தான். காலையில் வரும்போது மேசைக்கடியில் எதுவும் சொருகியிருந்ததில்லை. இருக்காது என்று தெரிந்தும் தினமும் பார்த்திருக்கிறான்.

மிச்சமிருந்தது அந்த இடைவெளி மட்டும்தான். தேநீர் அட்டை கனத்துக்கு ஒரு வெற்றிடம். அதற்குள் போனதைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. ஒருவேளை அப்படியும் இருக்கலாமோ? ஒன்றுமில்லாத இடம் என்று நாம் நினைக்கிற இடத்தில், நாம் பார்க்காத நேரத்தில், யாரோ ஏதோ சேர்த்துக்கொண்டே இருக்கலாமோ? ஞாயிற்றுக்கிழமை மாலை படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து அவன் இதை நிஜமாகவே நினைத்தான். பிறகு வெட்கப்பட்டு எழுந்து வீட்டுக்குப் போய் அவரைக்காயை வேகவைத்துச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை, 436.

நூற்று ஒன்பது.

லாக்லன் இப்போது ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டான். அவனுக்குக் கோபம் வந்தது. இரண்டு கம்பியை வெட்டியாயிற்று. குறுக்கே அடுப்பு வைத்தாயிற்று. இன்னும் என்னதான் வேண்டுமாம்?

"இறங்கித் தொலையேன்," என்றான் பெட்டியிடம்.

"என்ன சொன்ன?" என்றது பின்னால் கம்பளிக் காலுறை.

"இறங்காம நிக்குதுன்னு சொன்னேன் ரோஸ். எண்பத்தேழுலயே."

"நல்ல பிள்ளை," என்றார் ரோஸ்லின், பெட்டியைத் தட்டிக்கொடுத்து. கை சுட்டது. "இவ்வளவு சூடாவா இருக்கும்?"

"குளிர் நாட்டுக்கு அனுப்புறோம்ல."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்பது போலப் போய்விட்டார்.

நாளை மாலை படகு. இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம். லாக்லன் இருந்ததிலேயே பெரிய ரெசிஸ்டரைத் தேடி எடுத்து, திரும்பி வரும் வழியிலும் ஒன்றைப் பொருத்தினான். இப்போது போகும்போது ஒரு பள்ளம், வரும்போது இன்னும் பெரிய பள்ளம். அந்தப் பெட்டியில் அவன் ஒரு மாதம் கணக்குப் போட்டுச் செதுக்கிய அத்தனை நல்ல விஷயங்களும் அந்தச் சூட்டுக்கடியில் புதைந்துபோயின. கையெழுத்துப் போட வெட்கப்படும்படியான ஒரு பொருளாக அது ஆகியிருந்தது. டாரில் இரண்டு சிப்பி ரொட்டிகளைக் கொண்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, மீட்டர் மெல்ல ஏறியது. முந்நூறு. முந்நூற்று இருபது. முந்நூற்று நாற்பது. லாக்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். 348. அங்கேயே நின்றது. சின்ன பேட்டரி காலி.

எண்பத்தேழு.

நோட்டைத் திறந்து எண்பத்தேழு என்று எழுதினான். வியாழக்கிழமையிலிருந்து அந்த நோட்டில் அவன் எழுதிய முதல் உண்மை. அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. காரணம் புரியவில்லைதான். ஆனாலும் எண் மனிதர்கள் நம்பும் இடத்துக்கு வந்துவிட்டது. எண்பத்தைந்துக்கு மேல். ஃபிரிட்ஜ் தாங்கும். கிளி டாரிலிடமே இருக்கும். புரியாததை நிதானமாக, மெல்போர்னிலிருந்து இரண்டாவது மீட்டர் வந்த பிறகு, புரிந்துகொள்ளலாம்.

தீவில் இருக்கும் பழையதற்குப் பதிலாக இந்தச் சின்ன பேட்டரியும் பெட்டியோடு போவதாக ஏற்பாடு. மதியம் அதை வழக்கம்போல நிரப்பினான். பிறகு பஞ்சுத்தாள் சுற்றி, இரண்டையும் மரப்பெட்டியில் வைத்தான். ஐந்து அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது கீழே வேன் வந்து நின்றது. படகு ஆறு மணிக்கு.

"டேய், கையெழுத்துப் போடு," என்று டாரில் சான்றிதழைக் கொண்டு வந்து நீட்டினான். அவன் குரலில் லேசான ஏமாற்றம். "இவ்வளவு நாள் நீ எதையோ மறைக்கிறன்னு நெனச்சேன். கிளியைத் துடைச்சுகூட வச்சிருந்தேன்."

"அது உன் கூடவே சந்தோஷமா இருக்கட்டும்."

'போய்த் திரும்ப, நூற்றுக்கு எண்பத்தேழு' என்று எழுதி, கீழே லாக்லன் தன் பெயரைப் போட்டான். தொலைபேசி அடித்தது. ரோஸ்லின் எடுத்துப் பேசிவிட்டு, ரிசீவரை அவனிடம் நீட்டினார்.

"கோரின். உன்கிட்டதான் கேக்கணுமாம்."

படியில் வாளியின் சத்தம் கேட்டது. வெல்மா உள்ளே வந்தாள். சோப்பு டப்பியை நிரப்பினாள். கை துடைக்கும் காகிதத்தை மாற்றினாள். பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து டப்பாவில் கொட்டி மூடினாள். பிறகு மேசைக்கடியில் குனிந்து பார்த்து, நிமிர்ந்தாள்.

"எங்க கண்ணு அந்தச் சின்னது?"

"தீவுக்குப் போகுது வெல்மா," என்றான் லாக்லன், ரிசீவரைக் கையால் பொத்தியபடி. "அதோ, பெட்டிக்குள்ள இருக்கு."

"தனியாவா?"

அவன் சிரித்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தான். காற்று ஊளையிட்டது.

"தம்பி, வேற ஒண்ணும் வேணாம். உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. ராத்திரி தாங்குமா?"

லாக்லன் வாயைத் திறந்தான். கீழே வேன்காரர் ஹாரனை அழுத்தினார். வெல்மா மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் கையைவிட்டு, ஒயர் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்த ஒரு சார்ஜரை எடுத்து வந்து, மரப்பெட்டியின் பஞ்சுத்தாளுக்குள் பத்திரமாகச் செருகினாள்.

"இதை விட்டுட்டுப் போகப் பார்த்தீங்களே, கண்ணு. அது ராத்திரி தாங்கலைன்னு நீங்க சொன்ன அன்னியிலருந்து, வந்ததும் முதல் வேலையா இதைத்தான் சொருகுறேன். வேலை முடிஞ்சு கிளம்புறப்ப, சுவத்துல நீங்க எழுதி வச்சிருக்கிறபடியே கழட்டிடுறேன். கேக்கு சிந்தியிருந்த அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நல்லாச் சாப்பிட்டுச்சு. அப்புறம் என்னமோ, தினம் தினம் அந்தப் பச்சை வெளக்கு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, பாவம், நானும் கூடக்கூட நேரம் விட்டேன். இனிமே அங்க யாரு பார்த்துப்பாங்க? லைன்ல இருக்கிறது அந்த நர்ஸம்மாதானே, சாயங்காலமானா மறக்காம இதைச் சொருகிவிடச் சொல்லி, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?"